தொழிலக ரோபோக்களும் தொழிலாளர்களும்

முதல் தொழிலக ரோபோ 1961-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ஜெனரல் மோட்டார்ஸின் ஆலை ஒன்றில் வேலைக்கு வந்தது. ஜார்ஜ் டெவோல் கண்டுபிடித்து ஜோசப் எங்கெல்பெர்கர் சந்தைக்குக் கொண்டுவந்த ‘யூனிமேட்’, வார்ப்பு எந்திரத்திலிருந்து சுடச்சுட வெளிவரும் உலோகப் பாகங்களை எடுத்து அடுக்கியது. உடம்பைப் பொசுக்கும் அந்த வேலை மனிதனை விட்டுப் போனதில் தொழிலாளிக்கு இழப்பில்லை. ரோபோவை ஆதரிப்போர் இன்றும் முன்வைக்கும் இந்த நியாயம் உண்மையானதே. ஆனால் தொழிலாளியின் கதி எந்திரத்தோடு முடிவாவதில்லை. வேலையின் வேகத்தையும் ஆள்கணக்கையும் யார் தீர்மானிக்கிறார்கள் என்பதே அதை முடிவு செய்கிறது.

ஓஹியோ மாநிலத்தில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸின் லார்ட்ஸ்டவுன் ஆலை இதற்குத் தெளிவான சான்று. அங்கே கார் உடற்பகுதியைப் பற்றவைக்க யூனிமேட் ரோபோக்கள் நிறுத்தப்பட்டன. மற்ற ஆலைகளில் மணிக்கு சுமார் 60 கார்கள் ஓடிய காலத்தில், இங்கே அசெம்பிளி லைன் 100 கார்களுக்கு முடுக்கப்பட்டது. ரோபோ களைப்பதில்லை, அதை அடுத்து நின்றவருக்கோ ஒரு காருக்கு 36 விநாடிதான். 1971-இல் நிர்வாகம் கைமாறியதும் ஆட்குறைப்பு தொடங்கியது. போனவர்களின் வேலை இருந்தவர்கள் தலையில் விழுந்தது. பாகங்கள் பொருத்தப்படாத கார்கள் வெளிவந்தபோது, நாசவேலை என்றது நிர்வாகம். நேரமே போதவில்லை என்றனர் தொழிலாளர்கள். 1972 மார்ச்சில் நடந்த வேலைநிறுத்தத்தின் மையக் கோரிக்கை சம்பளம் அல்ல, வேகமும் வேலைச்சுமையுமே.

பிற்காலப் புள்ளிவிவரங்களும் இதே திசையைக் காட்டுகின்றன. 1990 முதல் 2007 வரையிலான அமெரிக்காவை ஆராய்ந்த அசெமோக்லு, ரெஸ்ட்ரெப்போ ஆகிய பொருளியலாளர்கள், ஆயிரம் தொழிலாளர்களுக்கு ஒரு ரோபோ கூடினால் ஊதியம் சுமார் 0.4 விழுக்காடு குறைவதாகக் கணித்தனர், வேலைவாய்ப்பும் சரிந்தது. ரோபோக்கள் அதிகம் உள்ள ஜெர்மனியில் மொத்த வேலைகள் குறையவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான், ஆலைகளில் குறைந்ததைச் சேவைத் துறை ஈடுகட்டியது. பழைய தொழிலாளர்கள் பலர் அதே நிறுவனத்தில் வேறு பணிக்கு மாற்றப்பட்டனர். இழப்பு, ஆலைக்குள் நுழையக் காத்திருந்த இளைஞர்கள் மீது விழுந்தது. ஆகவே ஜெர்மனியிலும் ரோபோ எல்லோருக்கும் நன்மை செய்துவிடவில்லை. என்றாலும் புதிய எந்திரங்களைத் திட்டமிடும்போதே தொழிலாளர் மன்றத்துக்குத் தெரிவித்துக் கலந்துபேச வேண்டும் என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே முதலாளியைக் கட்டாயப்படுத்தியது. அதே ஆண்டில் தெருவுக்கு வந்த லார்ட்ஸ்டவுன் தொழிலாளர்களுக்கு அப்படி ஒரு சட்டம் இருக்கவில்லை.