வேட்டுவர் கருவியும் காட்டின் உடைமையும்

கடலூரிலிருந்து செம்மங்குப்பம், ஆலப்பாக்கம் வழியாகச் சிதம்பரம் நோக்கிச் செல்லும் நிலப்பகுதி இன்று வயலும் உப்பங்கழியும் ஆலைகளும் விரவியது. ஆயினும் அவ்வழியின் இருமருங்கும் அமைந்த இரு திருப்பதிகள் காட்டு மரங்களின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கின்றன. பாதிரியால் திருப்பாதிரிப்புலியூரும், தில்லை மரத்தால் தில்லையும் பெயர் பெற்றன. காடு மறைந்த பின்னும் அதன் பெயர் ஊரில் எஞ்சியதுபோல, தில்லையில் அரங்கேறியதாக மரபு கூறும் பெரியபுராணத்துள் வேட்டுவர் வாழ்வியலின் நுண்செய்திகள் பல எஞ்சியுள்ளன. அவற்றுள் வேட்டைக்கு எழுமுன் வேட்டுவர் தேர்ந்துகொண்ட கருவிகளைப் பற்றிய செய்தியை மட்டும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அநபாயன் எனப்பெறும் இரண்டாங் குலோத்துங்க சோழன் (1133–1150) காலத்தவர் சேக்கிழார். தொண்டை நாட்டுக் குன்றத்தூரினர். சோழ அரசியலில் உயர்பதவி வகித்தவர் என்பர். அத்தகைய ஒருவர் பாடிய வேட்டைப் பகுதியைக் காப்பிய மரபிற்கேற்ப அமைந்த வெறும் வருணனை எனக் கொண்டு கடந்து செல்வது எளிது. அங்ஙனம் கொள்ளின் அதனை வரலாற்றுச் சான்றாக ஆளுதல் இயலாது. ஆதலின் முதற்கண் தீர்த்தற்குரிய வினா இது: கண்ணப்ப நாயனார் புராணத்துள் வரும் கருவிகள் கவிஞரின் கற்பனை அணியா, அன்றித் தொன்றுதொட்டு வந்த ஒரு தொழிலின் பதிவா? இதனைத் துணிதற்குச் சங்க நூல்களின் சான்றை முன்வைத்து நோக்குதல் வேண்டும்.

1. சங்க நூல்களிற் கருவித் தேர்வு

பெரும்பாணாற்றுப்படை எயினர் குடியிருப்பைக் கூறுமிடத்து, குடிலின் முன் விளாமரத்தடியிற் கட்டப்பட்ட ‘பார்வை’ ஒன்றைக் காட்டுகின்றது. பிற விலங்கை ஈர்த்துப் பிடித்தற்குப் பழக்கப்பட்ட விலங்கே பார்வை எனப்பட்டது. குடிலினுள் மான்தோல் படுக்கையாகின்றது. ஆகவே மான் அம்மக்களுக்கு உணவு மட்டுமன்று. படுக்கையுமாம், மேலும் தன்னினத்தைப் பிடித்தற்குக் கருவியுமாம். கொல்லும் படைக்கலம் ஒன்றையே வேட்டைக் கருவி எனக் கருதுவார்க்கு இச்சான்று புதியதொரு நோக்கினைத் தரும்.

அந்நூல் இருவகை வேட்டங்களை அடுத்தடுத்துக் கூறுகின்றது. விலங்கின் அடிச்சுவடு பதிந்த வழியில், நீர்வேட்கையால் தோண்டப்பட்ட குழிகளருகே, பள்ளத்துள் மறைந்திருந்து நள்ளிரவிற் பன்றியின் வரவு பார்த்திருத்தல் ஒன்று. அது வாய்க்காதபோது, பகற்பொழுதில் நாய்களுடன் சென்று புதர்களைக் கலைத்து, ஒன்றோடொன்று தொடுத்த வலைகளை வேலிபோல் மாட்டி முயல்களை வளைத்தல் மற்றொன்று. முன்னதற்கு வேண்டுவன மறைவும் பொறுமையும். பின்னதற்கு வேண்டுவன நாயும் வலையும் ஆள்துணையும். பொழுதும் விலங்கும் மாறுங்கால் கருவியும் மாறுகின்றது. வளைத்துப் பிடித்ததனைக் கானவர் காட்டிற் கூடி உண்டனர் என்று அந்நூல் கூறி முடித்தல் நினைவிற் கொள்ளத்தக்கது.

செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம் மூன்றாவது வகை ஒன்றனைக் காட்டுகின்றது. தினைப்புனத்தை அழிக்கும் பன்றிக்கு அஞ்சி, அது நுழையும் புழைதோறும் பெருங்கற்பொறிகளைப் புனங்காப்போர் அமைத்திருந்தனர். ஆதலின் இருளில் அவ்வழிச் செல்லற்க, விடிந்த பின்னரே செல்க என்று வழிப்போக்கரான கூத்தர்க்கு அறிவுரை கூறப்படுகின்றது. வில் ஏந்துவோன் கையோடு செல்வது. பொறியோ வைத்தவன் இல்லாதபோதும் வேலை செய்வது. பலரும் நடக்கும் வழியில் அதனை வைப்பின், அஃது இருக்குமிடம் பலரும் அறிந்ததாதல் வேண்டும். கூத்தர் தலைவனும் அறிந்து பிறர்க்குக் கூறுமளவிற்கு அச்செய்தி பரவியிருந்தது என்பது, காட்டு வழி ஒருவர்க்கே உரியதன்று என்னும் உணர்வு அக்காலத்து நிலவியதைக் காட்டும்.

இனி, தனிவேட்டைக்கும் சான்றுண்டு. வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தினையும் ஊடுருவியதாக வன்பரணர் புறநானூற்றின் 152-ஆம் பாட்டிற் கூறுவது வில்லாற்றலின் புகழ்ச்சி. தொழில்முறை அதனால் விளங்காது. அவரே பாடிய 150-ஆம் பாட்டு அதனினும் பயனுடையது. மான்கூட்டத்தை வீழ்த்திய குருதி படிந்த காலுடன் காட்டில் எதிர்ப்பட்ட வேட்டுவன் ஒருவன், காட்டிற் பிரிந்துபோன தன் இளையர் வந்து சேருமுன்பே, தானே தீக்கடைந்து ஊனைச் சுட்டுப் புலவரின் சுற்றத்தை உண்பித்தான். தன் அணிகலன்களையும் ஈந்தான். பெயரையோ கூறாது சென்றான். அவன் கண்டீரக் கோப்பெரு நள்ளி என்பதைப் புலவர் பின்னர்ப் பிறர்வாயிலாக அறிந்தார். தீக்கடைகோல் வேட்டையின் இன்றியமையாக் கருவிகளுள் ஒன்று என்பது இதனாற் பெறப்படும். காட்டில் நெடுந்தொலைவு செல்வோன் சமைத்த உணவைச் சுமந்து செல்லாது, தீயை உண்டாக்கும் வழியைச் சுமந்து சென்றான்.

2. திண்ணனார் பூண்டவையும் ஏந்தியவையும்

இப்பின்னணியிற் கண்ணப்ப நாயனார் புராணத்தை நோக்குவாம். பொத்தப்பி நாட்டு உடுப்பூர்த் தலைவன் நாகன் முதுமையால் வேட்டையிற் சோர்ந்தான். திங்கள்தோறும் முறையாக நிகழும் வேட்டை தாழ்த்தமையாற் பன்றி, புலி, கரடி, கடமை, ஆமா, மரை, கலை, மான் முதலியன மலைச்சாரற் புனங்களில் மிக்கு நெருங்கின என்று வேடர் திரண்டு வந்து அவனிடம் முறையிட்டனர். வேட்டை விளையாட்டாக அன்றி விளைபுனக் காவலாகவும் காலவரையறை உடைய கடமையாகவும் ஈண்டு கூறப்படுதல் காண்க. மலைபடுகடாம் கூறும் பொறியின் நோக்கமும் இதுவே. ஆயின் அப்பொறி ஒரு புனத்தைக் காப்பது. இவ்வேட்டை ஊரின் புனங்கள் அனைத்தையும் காப்பது.

நாகன் தன் மகன் திண்ணனுக்குத் தலைமையை அளிக்கும்போது உடைதோலும் சுரிகையும் கொடுத்தான். சுரிகை தலைமையின் அடையாளம் மட்டுமன்று. வலையைக் கடந்து ஓடிய பன்றியை நெடுந்தொலைவு தொடர்ந்து சென்ற திண்ணனார், அதனை அம்பால் எய்யாது நெருங்கிச் சுரிகையாலேயே குத்தி வீழ்த்தினார் என்று பின்னர்க் கூறப்படுகின்றது. தொலைவிற்கு வில்லும் அண்மைக்குச் சுரிகையும் என்னும் பகுப்பு இதனால் தெளிவாகும்.

வேட்டைக்கு எழும் நாளிற் கூந்தலைத் தூக்கிக் கட்டுதல், பீலி சூடுதல் முதலிய ஒப்பனைகள் கூறப்படுகின்றன. இவற்றுள் அணியும் பயனும் கலந்துள்ளன. பீலி அழகிற்காகும், தூக்கிக் கட்டிய கூந்தலோ புதரிற் சிக்காது. கழல் வீரத்திற்காகும், அதனோடு சேர்த்துக் கூறப்படும் செருப்போ முள்ளும் பரலும் நிறைந்த நிலத்திற்காகும். சங்க நூல்களிற் சாத்தரின் ‘அடிபுதை அரணம்’ எனவும், ‘தொடுதோல்’ எனவும் வழங்கிய காலணியே இங்குச் செருப்பு என்னும் வழக்குச் சொல்லால் நிற்கின்றது. புலவர் வெற்றணியே பாடக் கருதியிருப்பின், பொற்கழலுக்கு அருகே செருப்பினை வைக்க வேண்டியதில்லை. அணிகளை ஏற்ற பின் திண்ணனார் வில்லை வணங்கி எடுத்து, வளைத்து நாணேற்றி, நாணைத் தெறித்து ஒலியெழுப்பினார். பகைவரை அச்சுறுத்தும் செயலாகக் காப்பியங்கள் கூறும் இந்நாணொலி, தொழில் நோக்கில் நாணின் இறுக்கத்தைப் புறப்படுமுன் சோதிப்பதும் ஆம்.

பொன்முகலி ஆற்றங்கரையிற் பன்றியைச் சுடுதற்குத் தீக்கடைந்து நெருப்பு உண்டாக்குமாறு காடனைத் திண்ணனார் ஏவினார். நள்ளி காட்டிற் செய்ததும் இதுவே. இருவேறு நூல்களில், ஓராயிரம் ஆண்டு இடையிட்டும், வேட்டுவன் நெருப்பை உண்டாக்கும் முறை ஒன்றாகவே உள்ளது.

3. வலையும் நாயும் ஒலியும்

மேற்கூறியவை ஒருவன் உடலோடு செல்வன. இனிக் கூறப்படுவன ஒருவனால் ஆளவொண்ணாதன. வேடர் காட்டைச் சூழ வார்வலைகளைக் கட்டினர். நாய்களைப் பிணித்த கயிற்றை வலிய கையினர் பற்றிச் சென்றனர். அவை தம்முள் மோதாதபடி ஓடின. கோடு, ஆகுளி, பம்பை ஆகியவற்றுடன் கையொலியும் எழுந்தது. ஒலி விலங்கைக் கிளப்பும்; நாய் அதனைத் திருப்பும்; வலை அதனைத் தடுக்கும்; அதன் பின்னரே அம்பிற்கு வேலை உண்டு. இவ்வரிசையிற் படைக்கலம் இறுதியில் நிற்பது கருதத்தக்கது.

வேட்டுவச் சமுதாயத்தில் நாய் பெற்றிருந்த மதிப்பிற்குக் கல்லிலும் சான்றுண்டு. நன்னனின் செங்கண்மாவை உள்ளிட்ட செங்கம் பகுதியில், எடுத்தனூரிற் கிடைத்த மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல், தலைவன் பட்ட பின்னும் அவனருகே நின்று கள்வரைக் கடித்துக் காத்த கோவிவன் என்னும் நாயை வடிவத்தாலும் எழுத்தாலும் போற்றுகின்றது. அது வேட்டைநாய் என்பதற்குச் சான்றில்லை. ஆயினும் பெயரிட்டு வளர்க்கப்பட்ட நாய் வெறும் கருவி எனக் கருதப்படவில்லை என்பது போதரும்.

ஒரு காட்டினைச் சூழும் வலை ஒரு குடியின் உழைப்பால் முடைந்து, சுமந்து, கட்டி, காக்கத்தக்கதன்று. அதனை உடையது ஊரே ஆதல் வேண்டும் என யாம் கருதுகின்றோம். பெரும்பாணாற்றுப்படையில் வலைகொண்டு பிடித்ததனைக் கூடி உண்டதும், புறநானூற்றில் தனியே வீழ்த்தியதனைத் தனியொருவன் தன் விருப்பால் ஈந்ததும் ஒப்புநோக்கற்பாலன. பொதுக்கருவியால் வந்தது பொதுவாயிற்று. தன் கருவியால் வந்தது தன் கொடைக்குரியதாயிற்று. கருவியின் உடைமை பங்கின் முறையை உணர்த்துகின்றது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். நாகன் அயற்புலங்களைக் கவர்ந்து வாழ்ந்தவன் என்பதனைச் சேக்கிழார் மறைக்கவில்லை. அத்தகைய தலைவனின் கீழ் வலையும் நாயும் தலைவனுடைமையே ஆகாவோ என்பர். ஆயின் வேட்டை தாழ்த்தபோது வேடர் திரண்டு முறையிட்டனர் என்பதும், தலைவன் தன் இயலாமையைக் கூறி மற்றொருவனை நிறுவினான் என்பதும், தலைவன் வேட்டையை நடத்தும் பொறுப்புடையவனே அன்றி அதனைத் தன் விருப்பிற்கு நிறுத்தவும் தொடங்கவும் உரியவன் அல்லன் என்பதனைப் புலப்படுத்தும்.

4. எடுத்துச் செல்லாதது

கருவித் தேர்வு என்பது எதனைக் கொள்வது என்பதோடு எதனைத் தவிர்ப்பது என்பதனையும் உட்கொண்டது. வலை பேதம் அறியாது. குட்டியும் சினையும் அதனுட் படும். இக்குறையை நிரப்பும் விதியையும் சேக்கிழார் கூறுகின்றார். திண்ணனாரும் வேடரும் யானைக் கன்றுகளைத் தொடரவில்லை. சிறு குட்டிகளைக் கொல்லவில்லை. கருவுற்றுத் தளர்ந்து நடந்த பிணைகளை வருத்தவில்லை. கொடியனவாய் எதிர்த்தவற்றையே கொன்றனர். இஃது அடியாரின் அருளுடைமையைக் காட்டப் புலவர் புனைந்தது எனலாமோ எனின், இவ்வொழுக்கம் திண்ணனாருக்கு மட்டுமன்றி வேடர் அனைவர்க்கும் பொதுவாகக் கூறப்பட்டது என்பதே விடை. மேலும், திங்கள்தோறும் அதே காட்டிற்குத் திரும்பி வரவேண்டியவர் சினைவிலங்கைக் கொல்லின் அடுத்த வேட்டைக்கு விலங்கிராது. அருளும் தொழிலறிவும் ஈண்டு ஒன்றுபடுகின்றன.

வேட்டைக்கு எழுமுன் தேவராட்டியை அழைத்துக் காட்டுத் தெய்வங்களுக்குப் பலியூட்டுமாறு நாகன் வேண்டினான். காட்டினுள் நுழைதற்கு இசைவு பெறப்படுகின்றது. இசைவு தருவது தெய்வம்; தலைவனல்லன்.

5. முடிபு

1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்தின்கீழ்க் காடுகள் அரசால் ஒதுக்கப்பெற்றன. அவற்றுள் வேட்டையாடுதலும் கண்ணி வைத்தலும் அரசின் விதிக்கு உட்பட்டன. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டையைத் தடுத்தன. விலங்கினம் அருகிய இக்காலத்து இத்தடை வேண்டுவதே. ஆயின் சட்டம் வருமுன் காட்டிற்கு முறையே இல்லை, வேட்டுவர் வரைவின்றிக் கொன்றனர் என்னும் கருத்தினை இலக்கியச் சான்று ஏற்பதாக இல்லை. பழங்குடியினர் வரலாற்றை எழுதுவோர் இதனைக் கருதுதல் கடன்.

தொகுத்து நோக்குமிடத்து, செருப்பு, சுரிகை, தீக்கடைகோல், வார்வலை என வரும் பொருள்கள் பயன் நோக்கித் தேரப்பட்டவை. அவற்றுட் பல சங்க நூல்களொடு பொருந்துவன. திங்கள்முறை வேட்டை, தலைமைக்கு அடையாளமான உடைதோல், தேவராட்டியின் பலி முதலியனவோ யாம் எடுத்துக்கொண்ட சங்கப் பகுதிகளில் இல்லாதன. பொருந்துவன மரபின் தொடர்ச்சியைக் காட்ட, புதியன புலவர் ஏட்டினை மட்டும் நோக்கிப் பாடினாரல்லர் என்பதைக் காட்டுகின்றன. ஆதலின் கண்ணப்ப நாயனார் புராணத்தின் வேட்டைப் பகுதி ஒரு தொழிலின் பதிவாகக் கொள்ளத்தகும். வில் வேடனுடையது, வலை ஊருடையது, காடு தெய்வத்தினுடையது என்னும் முத்திறப் பகுப்பே அப்பதிவு நமக்குத் தரும் வரலாற்றுச் செய்தியாம்.