பதினேழு நிமிடமும் மூன்று நிமிடமும்

தாம்பரத்தில் மின்ரயில் ஏறிக் கிண்டியில் இறங்கினால், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொலைவில் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். அந்நோய் முதலில் சீதபேதி என்றே கருதப்பட்டது. அந்தத் துயரம்தான் 1954இல் 12 படுக்கைகளுடன் இந்த மருத்துவமனையாக உருவெடுத்தது. நோயைக் காலம் கடந்து அறிவதே பாதிக் கேடு என்பது அன்றே தெரிந்திருந்தது.

சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு 1980களின் தொடக்கத்தில் பிறந்தபோது, பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றே முதலிடத்தில் இருந்தது. இன்று அவ்விடம் மார்பகப் புற்றுக்கு.

இதைக் கண்டறிய மாமோகிராம் என்னும் எக்ஸ்ரே படம் உண்டு. ஆனால் திசு அடர்ந்த மார்பகத்தில் கட்டியும் வெண்மை, திசுவும் வெண்மை. வெள்ளை வேட்டியில் ஒட்டிய சுண்ணாம்பைத் தேடுவது போலத்தான்!

இங்கே துணைக்கு வந்தது எம்.ஆர்.ஐ. காந்தப்புலத்தைக் கொண்டு படம் எடுக்கலாம் என்று 1973இல் லாட்டர்பர் காட்டினார். 1980களின் நடுவில் ஜெர்மன் மருத்துவர் சில்வியா ஹேவாங், கடோலினியம் கலந்த மருந்தை நரம்பில் ஏற்றி மார்பகத்தைப் படமெடுத்தார். புற்றுக்கட்டி தனக்கெனப் புதிய இரத்தக் குழாய்களை வளர்த்துக்கொள்கிறது. அவை கசியும் குழாய்கள். ஆகவே மருந்து ஏறிய ஓரிரு நிமிடங்களில் கட்டி பளிச்சிடுகிறது.

அப்படியானால் மீதி நேரம் எதற்கு? ஆக்கன் நகரின் கிறிஸ்டியானே கூல் கேட்ட கேள்வி இதுதான். எளிய கேள்வி, ஆனாலும் இதைச் சோதித்துச் சொல்ல 2014 ஆயிற்று. மாமோகிராமில் குறையேதும் தென்படாத 443 பெண்களுக்கு 606 முறை படமெடுத்தார்கள். 17 நிமிட முழுப் படத்தில் 11 புற்றுகள் தென்பட்டன. அதில் முதல் 3 நிமிடப் பகுதியை மட்டும் தனியே பார்த்தபோதும் அதே 11! அதைப் படித்து முடிக்க மருத்துவருக்கு 28 விநாடி போதுமானதாயிருந்தது.

2020இல் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் அடர்ந்த மார்பகமுடைய 1,444 பெண்களிடம் நடந்த ஆய்வில், 23 புற்றுகளில் 22ஐக் குறும்படம் கண்டது. முப்பரிமாண மாமோகிராம் கண்டதோ 9. ஆனால் புற்று இல்லாதோரையும் ஐயத்துக்குள்ளாக்கி அலைக்கழித்ததில் குறும்படமே முந்தியது. நோய் உறுதியானவருக்கு அதன் பரப்பை அளந்து அறுவைக்குத் திட்டமிட, முழுப் படமே எடுப்பது வழக்கம்.

நிமிடம் குறைந்தாலும் காந்தக் கருவியும் ஊசி மருந்தும் விலை குறையவில்லை. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையினர் வேறு வழியில் சென்றனர். பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் ஈராண்டுக்கு ஒருமுறை கையால் சோதித்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பெண்களை இருபதாண்டு தொடர்ந்த அவ்வாய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது: ஐம்பது வயது கடந்தோரிடையே மார்பகப் புற்று இறப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்திருந்தது, இளையோரிடம் அந்தக் குறைவு தென்படவில்லை.