கொம்பனித்தெருவின் பழைய படங்கள்

 

கொம்பனித்தெருவில் மலாய்க்காரர், சோனகர், தமிழர், சிங்களவர், பறங்கியர் எல்லோரும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழ்ந்தார்கள். அந்த வாழ்க்கைக்கு எழுதிய வரலாறு குறைவு. ஸ்டூடியோப் படங்கள்தான் அதிகம்.

கொழும்பில் பிளாட்டே ஸ்டூடியோ 1890இலேயே தொடங்கியது. ஆனாலும் நெடுங்காலம் படம் எடுப்பது வசதியானவர்களின் காரியம். ஏழை வீட்டில் கல்யாணம் என்றால்தான் கமெரா.

அதை மாற்றியது ஒரு சட்டம். 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்களைப் பதிவு செய்யும் சட்டத்தின் கீழ், 1972இல் தேசிய அடையாள அட்டை வரத் தொடங்கியது. துறைமுக நாட்டாமையும், வாசற்படி தாண்டாத உம்மும்மாவும், கோயில் ஐயரும் கமெராவுக்கு முன்னால் உட்கார வேண்டியதாயிற்று. அரசாங்கம் கேட்டது அடையாளத்தை. குடும்பத்துக்குக் கிடைத்ததோ பலருக்கு வாழ்நாளின் ஒரே படம்.

2010இல் மியூஸ் வீதி வீடுகள் உடைக்கப்பட்டன. பிறகு ஜாவா லேன் வீடுகளும் போயின. அயலவர்கள் மாடி வீடுகளுக்குச் சிதறினார்கள். மிஞ்சியவை பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கும் படங்கள். ஆளைத் தெரிந்த கடைசி மூத்தவரும் மௌத்தானால், பெயரில்லாத படம் யாரோ ஒருவருடையதாகிவிடும்.

இந்த விடுமுறையில் அவர்களிடம் கேளுங்கள். பெயர், தெரு, ஆண்டு மூன்றையும் படத்தின் பின்பக்கம் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனா மை ஊறி முகத்தைக் கெடுத்துவிடும்.