பாளையத்துப் பாதை – 14: மாக்னீல் கூடாரத்தில் அலி உசேன்

வரதராஜன்பேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் வழியாக உடையார்பாளையத்துக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம், முந்திரிக்காட்டைப் பார்த்தபடி ஒரே கேள்விதான் அவர் மனதில் ஓடுமாம்: "நம்ம பாளையத்தைப் பிடித்த நவாபு வீட்டுப் பிள்ளைகள் கடைசியில் என்ன ஆனார்கள்?" அரியலூரும் உடையார்பாளையமும் ஜமீன் ஆன கதையை இந்த வாரம் தொடங்குவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் இந்தக் கேள்வியைத் தாண்டிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை.

1765 ஜனவரி 3. ஆற்காட்டு நவாபு முகம்மது அலியின் மகன் உம்தத்துல் உமரா படையோடு அரியலூருக்குள் நுழைகிறார். உடன் வந்தவர்கள் கும்பினி அதிகாரிகள் ஜான் காலும் டொனால்ட் கேம்பலும். கப்பப் பாக்கி, மதுரைக் கான்சாகிபு கலகத்தை அடக்க உதவிக்கு வராதது என்று குற்றப்பட்டியல் முன்பே தயார். அரியலூர்ப் பாளையக்காரர் உடையார்பாளையத்துக்கு ஓடினார். 19ஆம் தேதி படை அங்கும் கிளம்பியது. கோட்டை விழுந்தது. பாளையக்காரர்கள் இருவரும் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களிடம் அடைக்கலம் புகுந்தார்கள். அவர்களும் இளைஞர்கள், ஜெயித்த உம்தத்துக்கும் வயது பதினேழு இருக்கும். இதெல்லாம் தொடரைப் படித்து வருபவர்களுக்குத் தெரிந்ததுதான்.

முப்பத்தாறு வருஷம் கழித்து அதே உம்தத், நவாபாக, சேப்பாக்கம் அரண்மனையில் சாகக் கிடந்தார். 1801 ஜூலை முதல் வாரத்திலேயே கும்பினிச் சிப்பாய்கள் அரண்மனை வாசல்களில் காவல் போட்டுவிட்டார்கள். கலவரம் வந்துவிடும், பொக்கிஷம் வெளியே போய்விடும் என்று காரணம் சொன்னார்கள். 15ஆம் தேதி நவாபின் உயிர் பிரிந்தது. அன்றைக்கே, சாவு வீட்டு அழுகை அடங்குவதற்கு முன்பே, சென்னை அரசின் தலைமைச் செயலர் வெப்பும் கர்னல் குளோஸும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். உயிலில் வாரிசாக எழுதப்பட்டிருந்தவன் அலி உசேன், பதினெட்டு வயதுப் பையன். அவனுக்குத் துணையாக உயிலில் குறித்திருந்த நஜீப் கானும் தகி அலி கானும் பேச வந்தார்கள். வெப்பும் குளோஸும் கையில் எடுத்தது ராஜத்துரோக வழக்கு.

அந்த வழக்கின் லட்சணத்தைச் சொல்லியாக வேண்டும். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது திப்புவின் கச்சேரியில் சில காகிதங்கள் கிடைத்தன. 1792இல் திப்புவின் இரண்டு சின்னப் பிள்ளைகளைப் பணயமாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார்களே, அவர்களோடு வந்த வகீல்கள் குலாம் அலி கானும் அலி ரசா கானும் திப்புவுக்கு அனுப்பிய கடிதங்கள் அவை. முகம்மது அலியும் மகன் உம்தத்தும் தங்களிடம் அன்பாகப் பேசினார்கள், திப்பு நன்றாக இருக்க வேண்டும் என்றார்கள் என்று அவற்றில் இருந்தது. கூடவே ரகசியச் சொற்பட்டியல் ஒன்று. அதில் இங்கிலீஷ்காரர்களுக்குப் பெயர் 'புதிதாக வந்தவர்கள்'. நிஜாமுக்குப் பெயர் 'ஒன்றுமில்லை'. மராட்டியருக்கு 'இழிந்தவர்கள்'. இதை வைத்துத்தான் ஒரு ராஜ்யத்துக்கே உரிமை போய்விட்டது என்றார்கள். எங்கே படை திரட்டினார்கள், எப்போது தாக்கத் திட்டம் போட்டார்கள் என்பதற்கு ஒரு வரி சாட்சியம் கிடையாது. பின்னாளில் கும்பினி ஆபீஸிலேயே வேலை பார்த்த ஜேம்ஸ் மில், தன் இந்திய வரலாற்றில் இந்தச் சாட்சியத்தைப் பிரித்துப் பார்த்து, குற்றம் நிரூபணமாகவில்லை என்றே எழுதினார். உம்தத் உயிரோடு இருந்த இரண்டு வருஷத்தில் அவர் முன் அந்தக் காகிதத்தை யாரும் நீட்டி விளக்கம் கேட்கவில்லை. செத்த பிறகு மகனிடம் நீட்டினார்கள். பதில் சொல்ல வாய்ப்புக் கேட்ட கான்களுக்கு, இது விசாரணை அல்ல, அரசு முடிவு செய்துவிட்டது என்று பதில் வந்தது. என் கணிப்பில் இது கொள்ளைக்கு எழுதிய முகவுரை. அப்போதைய கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியை மகா நிர்வாகி என்று புகழும் புத்தகங்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகின்றன.

கும்பினி கேட்டது இதுதான்: கர்நாடகத்தின் சிவில், ராணுவ நிர்வாகம் முழுவதையும் கொடுத்துவிடு, நவாபு என்ற பட்டத்தையும் படியையும் வைத்துக்கொள். கான்கள் இழுத்தார்கள். அப்போது பையனைத் தனியாகப் பிடித்தால் காரியம் முடியும் என்று கணக்குப் போட்டார் கவர்னர் எட்வர்ட் கிளைவ். சாதாரண ஆள் இல்லை, ராபர்ட் கிளைவின் மகன். 1751இல் அப்பா ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்துத் தாங்கிக் காப்பாற்றியது முகம்மது அலியின் பட்டத்தை. ஐம்பது வருஷத்தில் அந்தக் கிளைவின் மகன் அந்த முகம்மது அலியின் பேரனை இறக்க வந்து நிற்கிறார்.

அரண்மனையைக் காவல் காத்த படையின் தலைவர் மாக்னீல். அவருடைய கூடாரத்துக்கு அலி உசேனை வரவழைத்தார்கள். நவாபு இறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கான்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். சுற்றிலும் துப்பாக்கி. தனியாக உட்கார்ந்த பையன் முதலில் தளர்ந்துதான் போனான். நிபந்தனைக்குச் சம்மதம் என்றான். கிளைவுக்கு நிம்மதி. ஆனால் அடுத்த சந்திப்பில் அலி உசேன் பேச்சை மாற்றினான். முடியாது என்றான். இனி நீ கும்பினி போடும் படிக்குக் காத்திருக்கும் சாதாரண ஆள்தான் என்று கவர்னர் எச்சரித்தார். பையன் அசையவில்லை. அந்த நேரம் முழுக்க அவன் முகத்தில் ஒரு புன்னகை இருந்தது. இதைச் சொல்வது கிளைவ் தரப்பு எழுதி வைத்த குறிப்புதான். அவனைப் புகழ அவர்களுக்கு எந்த அவசியமும் இல்லை. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். இல்லை என்றான். வெளியே போகச் சொன்னார்கள். போனான்.

இந்தத் தொடரில் எத்தனையோ பேர் வாளை உருவினார்கள். எனக்கு இந்தப் பையன் உட்கார்ந்திருந்த விதம்தான் மனதில் நிற்கிறது. அவன் அப்பா நம் பாளையத்தைச் சூறையாடியவர் என்ற கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. அதற்கான கணக்கை இவன் தலையில் எழுத மாட்டேன்.

கும்பினிக்கு இன்னொரு பேரன் கிடைத்தார். உம்தத்தின் தம்பி அமீருல் உமராவின் மகன் அசீமுத்தவுலா. நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்ற பேச்சுக்கு அவர் ஒப்புக்கொண்டார். 1801 ஜூலை 31 உடன்படிக்கை அவரோடு ஆனது. உயில் இருந்தும், அலி உசேன் கும்பினிக் காகிதங்களில் உம்தத்தின் 'மகன் என்று சொல்லப்படுபவன்' ஆனான். போட்டிக்காரர் ஆளும் அதே வீட்டில் அவனையும் வைத்தார்கள். 1802 ஏப்ரல் 6ஆம் தேதி இறந்துபோனான். சீதபேதி என்றார்கள், விஷம் என்ற பேச்சும் எழுந்தது. லண்டனில் நாடாளுமன்ற உறுப்பினர் ஷெரிடன் இந்த அநியாயத்தைப் பற்றிப் பேசுவேன் என்று நோட்டீஸ் கொடுத்து, தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில் விட்டுவிட்டார். 1808இல் சர் தாமஸ் டர்ட்டன் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானங்கள் தோற்றன. வழக்காடியவன் மண்ணுக்குள் போய் அதற்குள் ஆறு வருஷம்.

அவன் போட மறுத்த கையெழுத்தை வேறொருவர் போட்டதால்தான் அதே 1801இல் வாலஸ் திருச்சிராப்பள்ளிக்கு முதல் கலெக்டராக வந்தார். உடையார்பாளையத்துக் கப்பக் கணக்கு சேப்பாக்கத்தை விட்டு அவர் மேசைக்குப் போனது. ஜமீன் கதை அங்கிருந்து, அடுத்த வாரம்.