வள்ளி கும்மியும் சதுர நடனமும்

நடனத்தில் இரண்டு வகை உண்டு. மேடையில் சிலர் ஆட, மற்றவர்கள் உட்கார்ந்து பார்ப்பது ஒன்று. ஊரே சேர்ந்து தன் மகிழ்ச்சிக்காக ஆடுவது மற்றொன்று. இரண்டாம் வகைக்கு அமெரிக்காவில் சதுர நடனத்தையும், நம் ஊரில் வள்ளி கும்மியையும் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

சதுர நடனம்

நான்கு ஜோடிகள், அதாவது எட்டுப் பேர், ஒரு சதுரத்தின் நான்கு பக்கங்களில் உள்நோக்கி நிற்பார்கள். அடுத்து என்ன ஆட வேண்டும் என்பதை ஒருவர் தாளத்தோடு சொல்லிக்கொண்டே இருப்பார். அவருக்குக் 'காலர்' என்று பெயர். அவர் சொல்வதைக் கேட்டு ஆடத் தெரிந்தால் போதும், முன்பின் அறியாதவர்களுடனும் ஆடலாம்.

இதன் வேர் ஐரோப்பாவில் உள்ளது. இங்கிலாந்தின் நாட்டுப்புற நடன முறைகளை ஜான் பிளேஃபோர்டு 1651-இல் நூலாக வெளியிட்டார். பிரான்சின் கொட்டில்லான், குவாட்ரில் நடனங்களும் அமெரிக்கா சென்று இதில் கலந்தன. அசைவுகளைக் கூவிச் சொல்லும் வழக்கத்தை வளர்த்ததில் அங்கிருந்த கறுப்பின இசைக்கலைஞர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அவர்கள் வாசிக்கவும் கூவவும் வெள்ளையர்கள் ஆடினார்கள். அந்த ஆட்டத்தில் சேர அவர்களுக்கு இடம் இருக்கவில்லை.

1920-களில் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு இந்த நடனத்துக்குப் புத்துயிர் ஊட்டினார். பெஞ்சமின் லோவெட் என்ற ஆசிரியரை அமர்த்தி, 1926-இல் ஒரு நூலும் வெளியிட்டார். ஜாஸ் இசையின் மீதும் யூதர்கள் மீதும் அவருக்கு இருந்த வெறுப்பும் இந்த முயற்சிக்கு ஒரு காரணம். பின்னர் கொலராடோவின் பள்ளி ஆசிரியர் லாயிட் ஷா 1939-இல் ஒரு நூல் எழுதினார். மற்ற ஆசிரியர்களுக்கும் வகுப்புகள் நடத்தினார். இதனால் சதுர நடனம் மாலைநேர வகுப்புகளில் கற்கும் பொழுதுபோக்காகப் பரவியது.

வள்ளி கும்மி

வட்டமாக நின்று கூடி ஆடுவது தமிழருக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்கள் ஏழு சுரங்களாக நின்று ஆடுகிறார்கள். குன்றக்குரவையில் குறவர்கள் முருகனைப் பாடி ஆடுகிறார்கள்.

கொங்கு நாட்டின் வள்ளி ஒயில் கும்மி, வள்ளி முருகன் திருமணக் கதையைப் பாடி ஆடும் கலை. பேகம்பூரில் இருந்து சுமார் 60 கிலோமீட்டர் மேற்கே உள்ள பழனியும் கொங்குப் பகுதியில் அடங்கும். ஆசிரியர் பாடுவார், ஆடுபவர்கள் பாட்டுக்கேற்ப அடிவைத்துக் கும்மி கொட்டுவார்கள். மாலை வேளைகளில் பயிற்சி நடக்கும். கற்று முடித்ததும் ஊர் முன்னிலையில் அரங்கேற்றம் நடக்கும்.

இதை நெடுங்காலமாக ஆண்களே ஆடிவந்தனர். கோவை மாவட்டத்தைச் சேர்ந்த பத்திரப்பன் அந்த மரபை மீறிப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 87. இன்று வள்ளி கும்மி ஆடும் குழுக்களில் பெண்களும் குழந்தைகளும் நிறைந்திருக்கிறார்கள். ஒரே நிறச் சேலை உடுத்தி நூற்றுக்கணக்கானோர் ஆடும் காட்சி கண்கொள்ளாதது.

யார் சேரலாம்?

வள்ளி கும்மி பரவியபோது ஒரு சிக்கலும் உடன் வந்தது. அண்மை ஆண்டுகளில் ஒரு நிகழ்ச்சியில், சொந்தச் சாதிக்குள்ளேயே திருமணம் செய்வோம் என்று பெண்களை உறுதிமொழி எடுக்க வைத்த காணொளி பரவியது, கண்டனமும் எழுந்தது. முருகன் குறமகளை மணந்த கதையைப் பாடும் கலையில் இப்படி ஓர் உறுதிமொழி! ஃபோர்டு செய்ததும் இதைப் போன்றதே. கறுப்பினத்தவர் வளர்த்த நடனத்தை, மற்றவர்களை வெறுக்கும் கருத்துக்குத் துணையாக்கினார்.

எட்டுப் பேரில் ஒருவர் குறைந்தாலும் சதுரம் அமையாது. கும்மி வட்டமோ எத்தனை பேர் வந்தாலும் விரிந்து இடம் தரும். பெண்கள் வந்து சேர்ந்ததால் வள்ளி கும்மி வளர்ந்தது. இன்னும் வெளியே நிற்பவர்களுக்கும் அந்த வட்டம் இடம் கொடுத்தால் இக்கலை மேலும் வளரும்.