இலவந்திகையும் மண்டகப்படியும்: மதுரைச் சோலைகளின் திறந்த நாள்கள்

தனியார் தமக்கென வளர்த்த சோலையை ஆண்டில் ஒருநாள் ஊரார்க்குத் திறந்துவிடும் வழக்கம் மேனாட்டு நகரங்களில் நன்கு வேரூன்றியுள்ளது. இங்கிலாந்தில் 1927ஆம் ஆண்டில் 609 தோட்டங்கள் இவ்வாறு திறக்கப்பெற்றன. காண வந்தோர் தலைக்கு ஒரு ஷில்லிங் கொடுத்தனர். அப்பொருள் வீடுதோறும் சென்று நோயாளரைப் பேணிய செவிலியர்க்குப் பயன்பட்டது. இத்தகைய வழக்கம் தமிழகத்தில் இருந்ததுண்டா? இருந்ததாயின் எவ்வடிவில் இருந்தது? மதுரையைக் களமாகக் கொண்டு இதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பண்டைத் தமிழர் அறிந்த சோலைகள் இருவகையின. ஒன்று, யாவரும் புகுதற்குரியது. வையையிற் புதுப்புனல் வந்தபோது மதுரை மாந்தர் துறைகளிலும் காக்களிலும் திரண்டமையையும், பரங்குன்றிற்கு வழி நிறையச் சென்றமையையும் பரிபாடல் காட்டுகின்றது. மற்றொன்று இலவந்திகை. நீர்நிலையைச் சூழ்ந்து, மதிலும் காவலும் உடையதாய், அரசனும் உரிமை மகளிரும் ஆடுதற்கென அமைந்த வேனிற்சோலை அது. இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என ஒரு பாண்டியன் பெயர் வழங்குதலின், பாண்டியர்க்கும் அத்தகைய சோலை உண்டென்பது பெறப்படும்.

விழா நாளில் இலவந்திகையின் கதவு திறந்ததா? மணிமேகலையின் மலர்வனம் புக்க காதை இதற்கு விடை தருகின்றது. நிகழிடம் புகார், நாள் இந்திர விழா. மலர் கொய்யச் செல்லும் மணிமேகலை எச்சோலைக்குச் செல்லலாம் என்பது அங்கே பேசப்படுகின்றது. இலவந்திகையின் மதிற்புறத்தும் மன்னவன் ஏவலர் இருப்பர் என்றும், உய்யானம் பூதத்தின் காவலில் உள்ளமையின் அறிந்தோர் செல்லார் என்றும் விலக்கப்படுகின்றன. ஆகவே, ஊர் முழுதும் விழாக்கொண்ட நாளிலும் காவற்சோலை காவற்சோலையாகவே இருந்தது என்பது தெளிவு.

இந்நிலை பிற்காலத்து மதுரையில் மாறக் காண்கின்றோம். திருமலை நாயக்கர் (1623–1659) வசந்த விழாவிற்கெனக் கட்டிய புதுமண்டபம் சுற்றிலும் நீர் நிற்குமாறு அமைக்கப்பட்டது. வேனில், நீர், நடுவே இருக்கை என்னும் மூன்றும் பழைய இலவந்திகைக்கும் உரியனவே. ஆயின் இங்கே வீற்றிருப்பது அரசனன்று, தெய்வம். 1645இல் அகழப்பெற்ற வண்டியூர்த் தெப்பக்குளத்தின் நடுவே சோலையும் மைய மண்டபமும் உள்ளன. தைப்பூசத்தன்று மீனாட்சியும் சுந்தரேசரும் தெப்பத்தில் உலாவர, கரையில் நின்று வடம் பிடித்து இழுப்போர் பொதுமக்கள். இலவந்திகைக்கு உரியவன் மாறவே, அதன் நாளும் ஊரார்க்கு உரியதாயிற்று என்பதே எம் கருத்து.

அரசர்க்குரிய இடத்தில் நேர்ந்த இம்மாற்றம் தனியார் இடங்களிலும் நேர்ந்தது. அதற்குச் சான்று மண்டகப்படி. சித்திரைத் திருவிழாவில் அழகர் தம் மலையினின்று ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வந்து வையையில் இறங்குகின்றார். முன்னர்த் தேனூரில் நிகழ்ந்த அவ்விழாவைத் திருமலை நாயக்கர் மதுரைக்கு மாற்றினார் என்பது வழிவழிச் செய்தி. வண்டியூர்ப் பக்கத்துத் தேனூர் மண்டபத்தின் பெயர் அதனை நினைவூட்டுகின்றது. செல்லும் வழியில் இன்று 400க்கு மேற்பட்ட மண்டகப்படிகள் உள்ளன. இராமராயர் மண்டபம், சேதுபதி மண்டபம் போலப் பெயர் பெற்றனவும், குடும்பங்களும் வணிகரும் தம் இடத்தில் அமைத்தனவும் அவற்றுள் அடங்கும். அழகர் வரும் பொழுதில் உரியவர் பந்தரிட்டு, வந்தோர்க்கு நீர்மோரும் பானகமும் வழங்குவர். இங்கு வாயிற் கட்டணம் இல்லை. இங்கிலாந்தில் தோட்டத்தைத் திறப்பது உரிமையாளரின் கொடை. மதுரையில் உரிமையாளரும் அன்று ஒரு விருந்தினரை எதிர்கொள்பவரே. விருந்தினருடன் வரும் கூட்டத்தைத் தடுப்பது மரபன்று.

எனினும், 'ஊரார் அனைவர்க்கும்' என்று கூறுமிடத்துத் தயக்கம் வேண்டும். மீனாட்சி கோயிலினுள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தது 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாளிலேதான். அதற்கு முன் அவர்கள் தெய்வத்தைக் காணத்தக்க இடம் வெளியே, ஆற்று மணலும் திருவுலா வழியுமே. கோயிற்கதவு அடைத்திருந்த காலத்தில் மண்டபக் கதவு மட்டும் எல்லார்க்கும் திறந்திருந்தது என்று சான்றின்றிக் கொள்ளுதல் ஆய்வு நெறியாகாது. மரபின் பெருமை பேசுவோர் இதனை மறத்தல் கூடாது.

ஆகலின், அழகர் வழியிலுள்ள மண்டபங்களின் கல்வெட்டுகளையும் கட்டளைப் பத்திரங்களையும் தொகுத்தல் இன்றியமையாதது. கட்டியவர் யார், மண்டபத்தைச் சூழ விடப்பட்ட நிலம் எவ்வளவு, உட்புகுந்தோர் யார், வாயிலில் நிறுத்தப்பட்டோர் யார் என ஒவ்வொன்றையும் வினாவிப் படித்தல் வேண்டும். நகரம் விரியுந்தோறும் மரங்களும் கிணறுகளும் மறைகின்றன. பத்திரங்களும் கைமாறி அழிகின்றன. தமிழாய்வு மாணவர் இப்பணியை மேற்கொள்வாராயின், ஒரு நாளேனும் சோலை பொதுவாயினமையின் வரலாறு மட்டுமன்றி, அப்பொதுமையின் எல்லையும் புலனாகும்.