அடியில் ஒரு குழி

கதை எழுதுகிறவர்களாகிய நாங்கள் துப்பாக்கியைக் கண்டால் சும்மா விடுவதில்லை. குழாய் மின்னுவதை எழுதுவோம். குதிரையைத் தட்டுவதை எழுதுவோம். புகையை அரைப் பக்கம் வர்ணிப்போம். குண்டின் அடிப்பாகத்தை மட்டும் எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. 1857-ஆம் வருஷத்து சரித்திரத்தை நான் படிக்கப் போய், கடைசியில் அந்த அடிப்பாகத்தில்தான் வந்து நின்றேன்.

பழைய மஸ்கெட்டின் குழாய் உள்ளே வழவழவென்று இருக்கும். குழாயைவிடச் சற்றுச் சிறிய உருண்டைக் குண்டு, போட்டதும் கடகடவென்று இறங்கிவிடும். வேகமாக நிரப்பலாம், ஆனால் நூறு கஜத்துக்கு அப்பால் அது எங்கே போகுமென்பது தெய்வத்துக்கே வெளிச்சம். ரைபிளில் குழாயினுள்ளே திருகுக் காடிகள் உண்டு. அவற்றைக் கவ்விக்கொண்டு சுழன்று வந்தால் குண்டு குறி தவறாது. கவ்வ வேண்டுமானால் குண்டு இறுக்கமாக இருக்க வேண்டும்; இறுக்கமான குண்டை வாய்வழியே சுத்தியலால் தட்டித் தட்டி இறக்க வேண்டும். வேட்டைக்காரனுக்கு அவகாசம் உண்டு. எதிரி ஓடி வரும்போது சிப்பாய்க்கு ஏது?

போகும்போது தளர்வாகவும் வரும்போது இறுக்கமாகவும் ஒரே குண்டு இருக்க முடியுமா? இதற்கு வழி கண்டவர்களில் ஒருவர் 34-ஆவது ஆங்கிலப் படையைச் சேர்ந்த காப்டன் ஜான் நார்ட்டன். தென்னிந்தியாவில் இருந்தபோது, இங்குள்ளவர்கள் ஊதுகுழலில் வைத்து ஊதும் அம்புகளை அவர் பார்த்தாராம். அம்பின் அடியில் நெட்டி போன்ற மெத்தென்ற தண்டு. ஊதினதும் அது விரிந்து குழலை அடைத்துக்கொள்ளும், காற்று பக்கவாட்டில் நழுவாது. அதைக் கண்டுதான் அடியில் குழியுள்ள ஈயக் குண்டை அவர் யோசித்தார் என்று ஆயுத சரித்திரக்காரர்கள் சொல்லி வருகிறார்கள். ஆங்கில சர்க்கார் அவருடைய குண்டை ஏற்கவில்லை. 1849-இல் பிரெஞ்சுக்காரரான மினியே அதே தத்துவத்தில், குழிக்குள் ஓர் இரும்புக் கிண்ணி வைத்த குண்டைச் செய்தார். அவருக்கு அதே சர்க்கார் 1852-இல் இருபதாயிரம் பவுன் கொடுத்தது!

கிண்ணி சில சமயம் குண்டைத் துளைத்துக்கொண்டு போய்விடும். ஈயக் கூடு குழாயிலேயே தங்கிவிடும். அமெரிக்காவில், ஹார்ப்பர்ஸ் பெர்ரி ஆயுதசாலையிலிருந்த ஜேம்ஸ் பர்ட்டன் கிண்ணியே வேண்டாமென்று தள்ளினார். குழியை ஆழமாக்கி, சுற்றுச் சுவரை மெல்லியதாக்கினால் மருந்தின் ஆவியே விரித்துவிடும் என்றார். இதில் சூட்சுமமெல்லாம் வார்ப்பு அச்சில் இருக்கிறது. அச்சு நம் வீட்டுப் பாக்குவெட்டி மாதிரி. இரண்டு கைப்பிடி, இரண்டு பாதி. நடுவிலே ஒரு முளை நிற்கும். உருகிய ஈயம் அதைச் சுற்றி உறையும். முளை இருந்த இடமே குழி. முளை நீண்டால் சுவர் மெலியும். மருந்து அதிகமானால் சுவர் கிழியும். முளை குட்டையானால் சுவர் தடிக்கும். மருந்து குறைந்தால் விரியாது. ஆக, மருந்துக்குத் தக்க முளை. பின்புறம் திறந்து நிரப்பும் துப்பாக்கி வந்த பிறகு குண்டை முதலிலேயே முழு அளவுக்கு வார்க்கலாம் என்றாயிற்று. குழி தேவையில்லை, அடி தட்டையானால் போதும். பழைய துப்பாக்கிகளில் ஆசை வைத்த அமெரிக்கர் சிலர் இன்றும் முளையை மாற்றித் தட்டை முளை பொருத்துகிறார்கள். குண்டு ஒரு மயிரிழை பெருக்க வேண்டுமென்றால், வார்த்த குண்டிலேயே மெல்லிய அரப்பொடிக் குழம்பைத் தடவி, அச்சுக்குள் வைத்துச் சுழற்றித் தேய்க்கிறார்கள். மருந்து கொஞ்சம், வேகம் கொஞ்சம். வெறும் ஈயம் அதற்குத் தாங்கும்.

வேகம் கொஞ்சம் என்றதும் சாது என்று நினைத்துவிடக் கூடாது. பர்ட்டனின் குண்டு விநாடிக்குச் சுமார் ஆயிரம் அடிதான் போயிற்று. இன்றைய ராணுவக் குண்டுகள் பலவற்றின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அந்த மெத்தென்ற, கனத்த ஈயம் எலும்பில் பட்டால் எலும்பு ஒடியாது, நொறுங்கும். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் வைத்தியர்கள் கத்தியும் ரம்பமுமாக நின்றதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

நம் தேசத்துக்கு அந்தக் குழி வேறு உருவத்தில் வந்தது. 1853-ஆம் வருஷத்து என்பீல்டு ரைபிளின் குழாய் 0.577 அங்குலம், அதற்கென்று முதலில் செய்த குண்டு 0.568. குழி விரித்துக் கொள்ளுமென்பதால் குண்டைச் சிறிதாக்கலாம். சிறிதாக்கியதால் இடைவெளிக்குக் காகிதச் சுற்று வேண்டும். கரி படிந்த குழாயில் காகிதம் வழுக்கி இறங்கக் கொழுப்பு வேண்டும். அந்தக் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துத்தான் மருந்தைக் கொட்ட வேண்டும். பசுவின் கொழுப்பு, பன்றியின் கொழுப்பு என்ற பேச்சு 1857 ஜனவரியில் டம்டமில் கிளம்பியது. மாதவருமானத்துக்காகச் சிப்பாய் வேலைக்கு வந்தவன் ஜாதியையும் மதத்தையும் வாயில் வைத்துக் கடிக்கச் சொன்னால் என்ன செய்வான்?

மார்ச்சு 29-ஆம் தேதி பாரக்பூரில் துப்பாக்கியைத் தூக்கிய மங்கள் பாண்டே வங்காளத்து 34-ஆவது சுதேசிக் காலாட்படையைச் சேர்ந்தவன். நார்ட்டனின் படைக்கும் 34 என்றுதான் எண். இரண்டும் வெவ்வேறு படைகள். எண் ஒத்துப்போனது தற்செயல். ஆனால் இதை நான் ஒரு தொடர்கதையில் எழுதியிருந்தால், ‘நம்பும்படியாக இல்லை’ என்று பத்திரிகாசிரியர் சிவப்பு மசியால் அடித்திருப்பார். பாண்டேயை ஏப்ரல் 8-ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். மே 6-ஆம் தேதி அவனுடைய படையையே கலைத்து அனுப்பினார்கள். நாலு நாள் கழித்து மீரத்தில் தீப்பற்றிக்கொண்டது.